ஒருங்கமை நேரியல் சமன்பாடுகள்: தீர்வு முறைகளின் வரலாறு

தெரியாத எண்கள் பல இருக்க, அவற்றைப் பற்றிய செய்திகளும் பல தரப்பட்டால், அந்தச் செய்திகளை ஒன்றாக வைத்து எண்களைக் கண்டுபிடிப்பது கணிதத்தின் மிகப் பழைய வேலைகளுள் ஒன்றாகும். தெரியாத எண்கள் வர்க்கமாகாமலும் ஒன்றையொன்று பெருக்காமலும், குறிப்பிட்ட மடங்குகளில் கூட்டியும் கழித்தும் மட்டுமே வருமானால் அவை ஒருங்கமை நேரியல் சமன்பாடுகள் எனப்படும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு மாறிகளும், பத்தாம் வகுப்பில் மூன்று மாறிகளும் வருகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் அணிகள் வழியாக இதே பாடம் மீண்டும் வருகிறது.

நீக்கல் முறை, கிராமரின் விதி, காஸியன் நீக்கல் முறை என்று பெயர்களை மனப்பாடம் செய்யும் மாணவர்கள் பலர், இவை அனைத்தும் ஐரோப்பாவில் பிறந்தவை என்று எண்ணுகிறார்கள். வேறு சிலர் எல்லாம் இங்கேயே பிறந்தவை என்கிறார்கள். இரண்டும் சரியல்ல. பல நாட்டினர் தத்தம் வழியில் இந்தக் கணக்கைத் தீர்த்தனர். இந்தியாவில் அதற்குத் தெளிவான ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் ஊடே ஒரு கேள்வியும் தொடர்ந்து வருகிறது: இந்தக் கணக்குக்கு விடை உண்டா, உண்டெனில் ஒன்றுதானா?

ஆரியபடரின் விதி

ஆரியபடர் கி.பி. 499இல், தமது 23ஆம் வயதில் இயற்றியதாகக் கருதப்படும் ஆரியபடீயத்தின் கணிதப் பகுதி 33 செய்யுள்கள் மட்டுமே கொண்டது. அதில் ஒரு செய்யுள் பல மாறிகளைக் கொண்ட கணக்குக்கு விதி தருகிறது. சில குவியல்கள் உள்ளன. ஒவ்வொரு முறையும் ஒரு குவியலை விட்டுவிட்டு மற்றவற்றின் கூடுதல் சொல்லப்படுகிறது. அப்படியானால் எல்லாக் குவியல்களின் மொத்தம் என்ன?

விதி எளியது. சொல்லப்பட்ட கூடுதல்கள் அனைத்தையும் கூட்டி, குவியல்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். ஒவ்வொரு குவியலும் ஒரே ஒரு முறை விடுபட்டு மற்ற முறைகளில் எல்லாம் கூட்டப்பட்டிருப்பதால் இது சரியாகிறது.

கி.பி. 629இல் ஆரியபடீயத்துக்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் இதற்கு யானைக் கூட்டத்தை எடுத்துக்காட்டாகத் தருகிறார். மதம் கொண்ட யானைகள், மதம் கொள்ளாதவை, பெண் யானைகள், கன்றுகள் என நான்கு கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டமாக விட்டுக் கூட்டினால் 30, 36, 49, 50 வருகின்றன. நான்கையும் கூட்டினால் 165. மூன்றால் வகுத்தால் மொத்தம் 55. அதிலிருந்து ஒவ்வொன்றையும் கழித்தால் கூட்டங்கள் முறையே 25, 19, 6, 5.

நான்கு சமன்பாடுகள், நான்கு மாறிகள். ஆனால் ஒரு மாறியைக்கூட எழுத்தால் குறிக்கவில்லை. இதற்கு நெருங்கிய உறவுள்ள ஒரு விதி, கிரேக்க நாட்டுத் தைமரிதாசு என்பவரின் பெயரில் வழங்குகிறது. பிற்காலத்து இயாம்பிளிக்கசு அதைக் குறித்து வைத்ததால் நமக்குக் கிடைத்தது. இரு நாட்டினரும் கணக்கின் சீரான அமைப்பைக் கண்டு, அதையே பிடித்துக்கொண்டு தீர்த்தார்கள்.

பக்சாலிச் சுவடியும் வளையக் கணக்கும்

1881இல் பெசாவர் அருகே பக்சாலி என்னும் ஊரில் நிலத்திலிருந்து பூர்ச்சமரப் பட்டையில் எழுதிய ஒரு கணக்குச் சுவடி கிடைத்தது. எஞ்சியவை ஏறத்தாழ 70 ஏடுகள். இப்போது அது ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது. அதன் காலம் பற்றி அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. 2017இல் வெளியான கரிம ஆய்வு, வெவ்வேறு ஏடுகளுக்கு வெவ்வேறு நூற்றாண்டுகளைக் காட்டியது.

அதில் ஒரு வகைக் கணக்கு உண்டு. மூவரிடம் பணம் இருக்கிறது. முதலாமவரும் இரண்டாமவரும் சேர்ந்து 13, இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து 14, மூன்றாமவரும் முதலாமவரும் சேர்ந்து 15. ஒவ்வொருவரிடமும் எவ்வளவு?

இத்தகைய கணக்கைச் சுவடி ஓர் ஊக எண்ணில் தொடங்கித் தீர்க்கிறது. முதலாமவரிடம் 5 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இரண்டாமவரிடம் 8, மூன்றாமவரிடம் 6. மூன்றாமவரும் முதலாமவரும் சேர்ந்தால் 11 வருகிறது. வர வேண்டியதோ 15. குறைவு 4. முதலாமவருக்கு 1 கூட்டினால் இரண்டாமவருக்கு 1 குறையும், மூன்றாமவருக்கு 1 கூடும். ஆகவே கடைசிக் கூடுதல் 2 கூடும். குறைவான 4ஐ 2ஆல் வகுத்தால் 2. எனவே முதலாமவரிடம் 7, மற்றவர்களிடம் 6, 8.

தவறான எண்ணில் தொடங்கி, தவறின் அளவைக் கொண்டே சரியான விடைக்கு வரும் இந்த வழி, எழுத்தால் மாறியைக் குறிக்கத் தெரியாத காலத்துக்கு மிகவும் ஏற்றது. இன்றும் சிறுவர்கள் தாமாகக் கையாளும் வழி இதுதான்.

கிரிவலப் பாதையில் ஒரு சோதனை

மூவரைக் கொண்ட வளையம் விடை தந்தது. எல்லா வளையங்களும் விடை தருமா? திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி, அடி அண்ணாமலை வழியாகச் செல்லும் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அதில் இந்திர, அக்னி, யம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசான்ய லிங்கங்கள் என எட்டுச் சன்னதிகள் உள்ளன. ஒவ்வொரு சன்னதியிலும் சில அகல் விளக்குகள் எரிகின்றன என்று கொள்வோம். அடுத்தடுத்த இரு சன்னதிகளின் விளக்குகளைச் சேர்த்து எண்ணி, எட்டு கூடுதல்களைச் சொல்கிறார்கள். எட்டு மாறிகள், எட்டுச் சமன்பாடுகள். விடை வந்துவிடும் போலத்தான் தோன்றும்.

பக்சாலி வழியில் தொடங்கிப் பாருங்கள். இந்திர லிங்கத்தின் எண்ணிக்கையில் 1 கூட்டினால் அக்னியில் 1 குறைய வேண்டும், யமத்தில் கூட வேண்டும், நிருதியில் குறைய வேண்டும். இப்படியே சென்றால் எட்டாவதான ஈசான்யத்தில் 1 குறையும். இந்திரத்தில் கூட்டிய 1ம் ஈசான்யத்தில் குறைந்த 1ம் ஒன்றையொன்று அடித்துவிடும். கடைசிக் கூடுதல் மாறவே மாறாது. ஆகவே அது முதலிலேயே பொருந்தியிருந்தால் எந்த எண்ணில் தொடங்கினாலும் பொருந்தும். பொருந்தவில்லை என்றால் எதைச் செய்தாலும் பொருந்தாது. ஒற்றைப்படை வளையத்துக்கு எப்போதும் ஒரே தீர்வு உண்டு. இரட்டைப்படை வளையத்தில் கணக்கு ஒரே விடையில் முடிவதே இல்லை.

இதை நான் கற்றது நூலில் அன்று, வகுப்பறையில். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு தேர்வுக்கு நானே ஒரு கணக்கு எழுதினேன். நான்கு பிள்ளைகள் வட்டமாக அமர்ந்திருக்கிறார்கள். அடுத்தடுத்த இருவரின் கையிலுள்ள புளியங்கொட்டைகளைச் சேர்த்து எண்ணினால் வரிசையாக 11, 14, 12, 10. ஒவ்வொருவரிடமும் எத்தனை? ஒரு மாணவி நான்கு வரி எழுதிவிட்டு, "இதற்கு விடை இல்லை" என்று முடித்திருந்தாள். கணக்கைப் பாதியில் விட்டுவிட்டாள் என்று எண்ணி நான் சுழியம் போட்டேன். வீட்டில் விடைக்குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. முதலாவது, மூன்றாவது கூடுதல்களைச் சேர்த்தால் நால்வரின் மொத்தம் 23. இரண்டாவது, நான்காவது கூடுதல்களைச் சேர்த்தால் அதே நால்வரின் மொத்தம் 24. இரண்டும் சரியாக இருக்க முடியாது. மறுநாள் வகுப்பு முழுவதற்கும் முன்னால் அந்த விடையைப் படித்துக் காட்டி முழு மதிப்பெண் கொடுத்தேன். அந்தத் தாளில் விடையைத் தேடுவதற்கு முன் விடை உண்டா என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். கேட்க வேண்டிய ஆசிரியர் கேட்கவில்லை.

மாறிகளுக்கு நிறங்களின் பெயர்

ஆரியபடர், பக்சாலி வழிகள் குறிப்பிட்ட அமைப்பு கொண்ட கணக்குகளுக்கு மட்டுமே உதவும். எந்த அமைப்பானாலும் பொருந்தும் பொது வழிக்குத் தெரியாத எண்ணுக்குப் பெயர் தேவை.

கி.பி. 628இல் பிரம்மகுப்தர் பிராம்மஸ்புட சித்தாந்தத்தை எழுதினார். அதன் 18ஆம் அத்தியாயத்தில் பல மாறிகளுக்கான பொது விதி உள்ளது. அவர் மாறிகளை 'வர்ணம்', அதாவது நிறம் என்று குறிக்கிறார். விதியின் சாரம் இதுதான்: முதல் நிறத்தை ஒரு பக்கத்தில் நிறுத்தி, மற்ற நிறங்களை மறுபக்கத்துக்கு மாற்றி, முதல் நிறத்தின் கெழுவால் வகுத்தால் அதன் மதிப்பு மற்றவற்றின் வாயிலாகக் கிடைக்கும். இவ்வாறு பல சமன்பாடுகளிலிருந்து ஒரே நிறத்துக்குப் பல மதிப்புகள் கிடைத்தால், அவற்றை இரண்டிரண்டாகச் சமப்படுத்த வேண்டும். அப்போது ஒரு நிறம் மறைகிறது. இதையே மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். இன்று பாடநூலில் நாம் சொல்லித்தரும் பிரதியிடல், நீக்கல் முறைகளின் உயிர்நாடி இதில் முழுமையாக உள்ளது.

1150இல் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்தில் இந்தக் குறியீடு நன்கு வளர்ந்துவிட்டது. முதல் மாறி 'யாவத்தாவத்', அதாவது 'எவ்வளவோ அவ்வளவு'. அடுத்தவை காலகம் (கருமை), நீலகம் (நீலம்), பீதகம் (மஞ்சள்), லோகிதகம் (சிவப்பு). எழுதும்போது முதல் எழுத்து மட்டும் போதும்: யா, கா, நீ, பீ, லோ. பல மாறிச் சமன்பாடுகளுக்கு 'அநேகவர்ண சமீகரணம்', அதாவது பல நிறச் சமன்பாடு என்று தனிப் பகுதியே அவர் நூலில் உண்டு.

மகாவீரரின் பழக்கணக்கு

ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்சன் காலத்தில், கன்னட நாட்டில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீரர். அவர் கி.பி. 850ஐ ஒட்டி இயற்றிய கணிதசாரசங்கிரகம் தென்னிந்தியாவில் பெரிதும் பயிலப்பட்டது. பாவுலூரி மல்லனர் அதைத் தெலுங்கில் ஆக்கினார்.

அந்நூலில் ஒரு கணக்கு: ஒன்பது மாதுலுங்கம் (கடாரங்காய் இனத்துப் பழம்), ஏழு விளாம்பழம் இவற்றின் விலை சேர்த்து 107. ஏழு மாதுலுங்கம், ஒன்பது விளாம்பழம் இவற்றின் விலை 101. ஒவ்வொன்றின் விலை என்ன?

பாஸ்கரரைப் போல முதல் எழுத்தால் குறித்தால்,

9 மா + 7 வி = 107
7 மா + 9 வி = 101

மகாவீரரின் விதி: பெரிய எண்ணிக்கையைப் பெரிய விலையால் பெருக்கு, சிறிய எண்ணிக்கையைச் சிறிய விலையால் பெருக்கு, முன்னதிலிருந்து பின்னதைக் கழி, எண்ணிக்கைகளின் வர்க்க வித்தியாசத்தால் வகு. 9 × 107 = 963. 7 × 101 = 707. வித்தியாசம் 256. 81 − 49 = 32. 256ஐ 32ஆல் வகுத்தால் 8. இது மாதுலுங்கத்தின் விலை. விலைகளை மாற்றிப் பெருக்கினால் 909 − 749 = 160. 32ஆல் வகுத்தால் 5. இது விளாம்பழத்தின் விலை.

சமன்பாடுகளை முறையே 9ஆலும் 7ஆலும் பெருக்கிக் கழித்து ஒரு மாறியை நீக்கும் நமது வழியும் இதே எண்களைத்தான் தருகிறது. மகாவீரர் அந்தப் படிகளைச் சுருக்கி ஒரு சூத்திரமாக்கிவிட்டார். வகுக்கும் எண்ணாகிய 32ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னர் மீண்டும் வரும்.

இந்நூலைச் சென்னை மாநிலக் கல்லூரியின் வடமொழிப் பேராசிரியர் மு. ரங்காசாரியார் பதிப்பித்து ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். சென்னை அரசு அச்சகத்தில் 1912இல் அச்சான அந்தப் பதிப்பின் வழியாகத்தான் உலகக் கணித வரலாற்றாளர்கள் மகாவீரரை அறிந்தனர்.

நூறு பணத்துக்கு நூறு பறவைகள்

மாறிகளைவிடச் சமன்பாடுகள் குறைவாக இருந்தால்? இந்தியக் கணித நூல்கள் இதைக் குறையாகக் கருதவில்லை. மகாவீரரும் பாஸ்கரரும் தந்துள்ள புகழ்பெற்ற கணக்கு இது: 3 பணத்துக்கு 5 புறா, 5 பணத்துக்கு 7 நாரை, 7 பணத்துக்கு 9 அன்னம், 9 பணத்துக்கு 3 மயில். 100 பணத்துக்குச் சரியாக 100 பறவைகள் வாங்க வேண்டும்.

மாறிகள் நான்கு, சமன்பாடுகள் இரண்டு. 15 புறா, 28 நாரை, 45 அன்னம், 12 மயில் வாங்கினால் விலை 9 + 20 + 35 + 36 = 100. பறவைகளும் 100. ஆனால் இது ஒன்றே விடையன்று. சொன்ன தொகுதிகளாகவே வாங்க வேண்டும், நான்கு வகையும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் ஆறு விடைகள் உள்ளன. மற்ற ஐந்தையும் கண்டுபிடிப்பது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. பிரம்மகுப்தரின் விதியும், மாறிகள் எஞ்சினால் 'குட்டகம்' என்னும் முழுஎண் தீர்வு முறையை நாடச் சொல்கிறது. ஒரே விடை, பல விடை என்ற வேறுபாட்டை அவர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

சீனரின் கதிர்க்கட்டுகள்

நீக்கல் முறையை எல்லாருக்கும் முன்பே ஒழுங்குபடுத்தி எழுதியவர்கள் சீனர்கள். 'கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்' என்னும் சீன நூல் ஏறத்தாழ கி.பி. முதலாம் நூற்றாண்டுக்குள் இன்றைய வடிவம் பெற்றது. கி.பி. 263இல் லியூ குயி அதற்கு உரை எழுதினார். எட்டாம் அத்தியாயத்தின் 18 கணக்குகளும் இப்பொருள் பற்றியவையே.

முதல் கணக்கு தானியம் பற்றியது. மூன்று தரக் கதிர்க்கட்டுகள். முதல் தரம் 3, நடுத்தரம் 2, கடைத்தரம் 1 சேர்ந்து 39 அளவு தானியம் தரும். முதல் தரம் 2, நடுத்தரம் 3, கடைத்தரம் 1 சேர்ந்து 34. முதல் தரம் 1, நடுத்தரம் 2, கடைத்தரம் 3 சேர்ந்து 26.

சீனர்கள் இந்த எண்களைக் குச்சிகளால் பலகையில் நிரல்களாக அடுக்கினார்கள். இரண்டாவது செய்தியை 3 மடங்காக்கி முதல் செய்தியை இருமுறை கழித்தால் முதல் தரம் மறைந்து, 5 நடுத்தரமும் 1 கடைத்தரமும் சேர்ந்து 24 என்று வரும். மூன்றாவதை 3 மடங்காக்கி முதலாவதை ஒருமுறை கழித்தால் 4 நடுத்தரமும் 8 கடைத்தரமும் சேர்ந்து 39. இவ்விரண்டில் நடுத்தரத்தையும் நீக்கினால், 36 கடைத்தரக் கட்டு 99 தரும். ஒரு கட்டு 2¾. பின்னோக்கிச் சென்றால் நடுத்தரம் 4¼, முதல் தரம் 9¼.

ஒன்பதே கால், நாலே கால், இரண்டே முக்கால் என்று வாய்க்கு எளிதாக வரும் விடைகள். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனனம் செய்த நம் முன்னோர் மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) வரை பின்னங்களைத் தடையின்றிக் கையாண்டார்கள். காரி நாயனாரின் கணக்கதிகாரம் நிலம், நெல், பொன் என்று வாழ்க்கைக் கணக்குகளைச் செய்யுளில் சொல்கிறது. சீன நூலும் வயல், தானியம், வரி என்று இதே உலகத்தைத்தான் பேசுகிறது. பல மாறிக் கணக்கு ஏட்டில் பிறந்ததன்று, களத்துமேட்டிலும் கடைத்தெருவிலும் பிறந்தது.

அணிக்கோவையும் கிராமரும் காஸும்

ஒவ்வொரு கணக்காக நீக்கிக்கொண்டிருப்பதற்குப் பதில், கெழுக்களிலிருந்தே விடையைச் சொல்லும் பொதுச் சூத்திரம் உண்டா என்ற கேள்வி பதினேழாம் நூற்றாண்டில் எழுந்தது. சப்பானில் செக்கி தக்ககாசு 1683இலும், செருமனியில் லைப்னிட்சு 1693இலும், ஒருவரையொருவர் அறியாமல், இன்று அணிக்கோவை எனப்படும் கருத்தை அடைந்தார்கள். சுவிட்சர்லாந்தின் காபிரியேல் கிராமர் 1750இல் தம் நூலில் வெளியிட்ட பொது விதி அவர் பெயரால் நிலைத்தது.

மகாவீரர் வகுத்த 32தான், அவரது இரு சமன்பாடுகளின் அணிக்கோவை: 9 × 9 − 7 × 7. பக்சாலிச் சுவடியின் மூவர் வளையத்தில் 4ஐ வகுத்தோமே ஒரு 2, அதுவும் அந்தச் சமன்பாடுகளின் அணிக்கோவைதான். ஒற்றைப்படை வளையம் எதற்கும் அணிக்கோவை 2. இரட்டைப்படை வளையம் எதற்கும் 0. கிரிவலப் பாதையின் எட்டு விளக்குக் கணக்கு ஏன் முடியாது என்பதற்கும், என் நான்கு பிள்ளைகள் கணக்கு ஏன் கெட்டது என்பதற்கும் இந்தச் சுழியமே விளக்கம். அணிக்கோவை சுழியமானால் ஒரே தீர்வு கிடையாது. ஒன்று தீர்வே இராது, அல்லது எண்ணற்ற தீர்வுகள் இருக்கும்.

இந்தச் சோதனைக்குக் கிராமரின் வழி சிறந்தது. பெரிய கணக்கைப் போட்டு முடிக்க அது உதவாது. 10 மாறிகள் என்றால் 11 அணிக்கோவைகள் வேண்டும். ஒவ்வொன்றையும் வரையறைப்படி விரித்தால் 36,28,800 உறுப்புகள். மொத்தம் 3,99,16,800. அதே கணக்கை நீக்கல் முறையில் செய்தால் பெருக்கலும் வகுத்தலும் சேர்ந்து 430 போதும்.

காஸ் 1810இல் பல்லாசு என்னும் சிறுகோளின் பாதையைக் கணக்கிட ஆறு மாறிகள் கொண்ட சமன்பாடுகளைத் தீர்த்தார். நீக்கலை வரிசையாகவும் சுருக்கமாகவும் எழுதும் ஒழுங்கை அவர் வகுத்தார். அதனால் அவர் பெயர் அந்த முறையோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் நீக்கலைக் கண்டுபிடித்தவர் அவரல்லர் என்பது மேலே கண்டவற்றால் விளங்கும்.

திருக்கோவிலூரும் ராமானுஜனும்

ரங்காசாரியாரின் பதிப்பு வெளிவந்த அதே 1912இல், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்த ஓர் இளைஞர் பல மாறிச் சமன்பாடுகள் பற்றிச் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அவர் சீனிவாச ராமானுஜன்.

அந்தக் கட்டுரைக்குப் பின்னால் எங்கள் பகுதிக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. திருவண்ணாமலையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் திருக்கோவிலூரில் அப்போது துணை ஆட்சியராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தோற்றுவித்தவர் அவர்தான். 1910இல் ராமானுஜன் வேலை கேட்டு அவரிடம் சென்றார். குறிப்பேடுகளைப் பார்த்த ராமசாமி ஐயர், இவரைச் சிறு எழுத்தர் வேலையில் அடைக்க மனமின்றி, சென்னையிலிருந்த கணித நண்பர்களிடம் அறிமுகப்படுத்தி அனுப்பினார். கழகத்தின் இதழில்தான் ராமானுஜனின் தொடக்கக் கட்டுரைகள் வெளியாயின. மேற்சொன்ன 1912ஆம் ஆண்டுக் கட்டுரையும் அதில் வந்ததே.

அதில் அவர் தரும் எடுத்துக்காட்டு இது. ஐந்து எண்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கி உண்டு. எண்களின் கூடுதல் 2. ஒவ்வொன்றையும் அதன் பெருக்கியால் ஒருமுறை பெருக்கிக் கூட்டினால் 3. இருமுறை பெருக்கிக் கூட்டினால் 16. தொடர்ந்து 31, 103, 235, 674, 1669, 4526, 11595. பத்துச் செய்திகள், பத்து மாறிகள்.

மாறிகள் ஒன்றையொன்று பெருக்குவதால் இது நேரியல் தொகுப்பு அன்று. ஆயினும் ராமானுஜன் அதை நேரியல் தொகுப்பாக மாற்றும் வாசலைக் கண்டார். பகுதிப் பின்னங்களின் வழியில் அவர் செய்ததைப் பள்ளி மொழியில் இப்படிச் சொல்லலாம். இவ்வரிசையின் ஒவ்வொரு எண்ணும் தனக்கு முந்திய ஐந்து எண்களின் ஒரே விதமான சேர்க்கையாக இருக்கும். அந்தச் சேர்க்கையின் ஐந்து கெழுக்கள் தெரியாதவை. வரிசையின் ஆறாம் எண் முதல் பத்தாம் எண் வரை ஐந்து நேரியல் சமன்பாடுகள் தருகின்றன. தீர்த்தால் கெழுக்கள் 1, 5, −1, −3, 1. சரிபார்க்கலாம்: 103 + 5 × 31 − 16 − 3 × 3 + 2 = 235. அடுத்ததும் சரி: 235 + 5 × 103 − 31 − 3 × 16 + 3 = 674. இக்கெழுக்களால் அமையும் ஐந்தாம்படிச் சமன்பாட்டின் மூலங்களே பெருக்கிகள். அவற்றுள் ஒன்று −1, அதற்குரிய எண் −3/5. மற்ற நான்கிலும் 5இன் வர்க்கமூலம் வருகிறது. பெருக்கிகள் தெரிந்தபின் ஐந்து எண்களைக் காண்பது மீண்டும் நேரியல் சமன்பாடுதான்.

கடினமான கணக்கின் நடுவே எளிய நேரியல் தொகுப்பு ஒன்று ஒளிந்திருப்பதைக் கண்டதே இதன் அழகு. இன்றைய அறிவியல் கணக்குகள் பலவும் இப்படித்தான் தீர்க்கப்படுகின்றன.

கொல்கத்தாவின் இயந்திரம்

1953இல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சமரேந்திர குமார் மித்ரா ஒரு மின்னணு ஒப்புமைக் கணினியை வடிவமைத்தார். அவரது மேற்பார்வையில் ஆசீசு குமார் மைத்தி அதைக் கட்டினார். இந்தியாவிலேயே உருவான அந்த முதல் ஒப்புமைக் கணினி செய்யக் கட்டப்பட்ட வேலை, 10 மாறிகள் கொண்ட நேரியல் சமன்பாடுகளைத் தீர்ப்பதுதான். சுதந்திர இந்தியா தன் கையால் செய்த கணக்கு இயந்திரத்துக்கு முதலில் கொடுத்த வேலை, பிரம்மகுப்தரின் நிறக் கணக்கு என்று சொல்லலாம். இன்று ஒரு கைப்பேசிகூட ஆயிரம் மாறிகளைத் தீர்த்துவிடும். அதன் உள்ளே நடப்பதும் பெரும்பாலும் அதே நீக்கல்தான்.

மாணவர்களுக்கு

ஒரு மாறியை மறைத்து மற்றொன்றைக் காண்பது எல்லா நாட்டு வழிகளுக்கும் பொதுவான அடிப்படை. அதைச் சீனர் குச்சிகளால் செய்தனர், பிரம்மகுப்தர் நிறங்களால் செய்தார், நாம் எழுத்துகளால் செய்கிறோம். போட்டு முடிக்கும் வேலையை இயந்திரத்திடம் விட்டுவிடலாம். கணக்கு ஒழுங்காக அமைந்திருக்கிறதா, விடை ஒன்றா, பலவா, இல்லையா என்று கேட்பதை மட்டும் விடக்கூடாது. இயந்திரமும் ஆசிரியரும் தவறான கணக்கைத் தரக்கூடும்.

பயிற்சிக்கு இரண்டு கணக்குகள். ஐவர் வளையமாக அமர்ந்திருக்கிறார்கள். அடுத்தடுத்த இருவரின் கூடுதல் வரிசையாக 16, 17, 18, 19, 20. முதலாமவரிடம் 9 என்று வந்தால் உங்கள் வழி சரி. இரண்டாவது கணக்கு: எட்டு லிங்கங்களின் விளக்குகளுக்கு நீங்களே எட்டு கூடுதல்களை எழுதுங்கள். எப்போது எண்ணற்ற விடைகள் வரும், எப்போது விடையே இராது என்பதை ஒரே வரியில் சொல்லுங்கள். அந்த ஒரு வரியைத்தான் என் மாணவி தேர்வுத்தாளில் எழுதத் தொடங்கியிருந்தாள்.